சொன்னதும் நம்பினார்கள்

பிள்ளை அசையவில்லை என்று சொன்னதும் நம்பிவிட்டார்கள். சண்முகக்கனிக்கு அதுதான் இன்னும் பிடிபடவில்லை. காலையில் பிளாக் கதவைத் திறந்து ஆள் கணக்கெடுக்க வந்த தலைமை வார்டர் இந்திராணியம்மாவிடம், வரிசையில் உட்கார்ந்தபடியே, "அம்மா, நேத்து சாயங்காலத்துல இருந்து வயித்துக்குள்ள ஒண்ணுமே தெரியல" என்றாள். சொல்லும்போதே அதற்கான பதிலையும் மனசுக்குள் தயாராக வைத்திருந்தாள்: அதெல்லாம் அப்படித்தான் இருக்கும், போய் டீயைக் குடி. பதினேழு, பதினெட்டு என்று நகர்ந்துகொண்டிருந்த இந்திராணியம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. "கடைசியா எப்ப அசைஞ்சது?" "டீ குடுத்தப்பம்மா, நாலு மணி இருக்கும்." "இடது பக்கமா படுத்துப் பாத்தியா?" "பாத்தேம்மா." "இனிப்பா ஏதாவது?" இதற்குப் பின்வரிசையிலிருந்து ஜெபமாலைதான் பதில் சொன்னாள். பக்கத்துப் பாய்க்காரி, ஆயுள் தண்டனையில் எட்டாவது வருஷம், சமையல்கட்டில் வேலை. "சீனியக் கரைச்சு ஒரு டம்ளர் குடுத்தேன்மா. கல்லு மாதிரி கெடக்கு." கல்லு என்று சொல்லியிருக்க வேண்டாம். சொன்னதும் ஜெபமாலையே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிறை நர்ஸ் வந்து குழாயை வைத்துப் பார்த்தாள். "எனக்குக் கேக்கல. ஆனா இதுல கேக்காததுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க" என்றாள். அப்புறம் இந்திராணியம்மா ஆபீசில் நின்று போனில் போட்ட சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. "எட்டு மாசம்ங்க. லெட்டரெல்லாம் பின்னாலயே வரும். நீங்க மொதல்ல ஆள அனுப்புங்க." ஆள் கணக்கு பாதியிலேயே கிடந்தது. எட்டேகாலுக்கு வண்டி வந்துவிட்டது.

வந்துவிட்டது, வந்துவிட்டது என்று கம்பிவலை போட்ட ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், முதல் பிள்ளைக்கு ஏழரை மாசம் இருந்தபோது, பிள்ளை அசையவில்லை என்ற இதே வார்த்தையை இவள் அத்தையிடம் சொன்னாள். அத்தை என்றால் புருஷன் காளிராஜின் அம்மா. அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்தபடியே, "பிள்ளைன்னா தூங்காதா? காலையில பாத்துக்கலாம்" என்றாள். கெட்ட மனசு கிடையாது. தன் ஐந்தையும் அப்படித்தான் பெற்றவள். காலையில் பயராபீசுக்குப் போக வேண்டியிருந்தது, தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. பட்டாசு ஆபீசில் அந்த இருபது நாளும் யாரும் லீவு கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கிடைக்காது. சாயங்காலம் வந்து சொன்னாள். காளிராஜ், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். அவனும் கெட்டவன் கிடையாது. மூன்றாம் நாள் போனபோது ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இவள் முகத்தைப் பார்க்காமல் வயிற்றை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்தே இவளுக்குத் தெரிந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை. தலை நிறைய முடி. யாரோ துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்கள், யார் என்று இன்றைக்கு வரைக்கும் இவள் கேட்கவில்லை. பாத்துக்கலாம். அந்தச் சொல் முள் மாதிரி, எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் குத்தும். இன்றைக்கு அந்தச் சொல்லை யாருமே சொல்லவில்லையே என்று இப்போதுதான் உறைத்தது. எப்ப அசைஞ்சது என்று கேட்டார்கள். எப்ப என்று ஒரு கேள்வி. அன்றைக்கு அத்தை மட்டும் எப்ப என்று கேட்டிருந்தால், இவள் நேரத்தைச் சொல்லியிருப்பாள், சொல்லும்போதே எத்தனை நேரம் ஆகிவிட்டது என்று இவளுக்கே பயம் வந்திருக்கும்.

வண்டி குலுங்கியபோது பக்கத்திலிருந்த வழிக்காவல் போலீஸ்காரி ஒரு கையால் இவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். மார்பில் தமயந்தி என்று பேர் குத்தியிருந்தது, இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். விலங்கு கிடையாது. வண்டியில் ஏறியதிலிருந்து இவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். தப்பிவிடக் கூடாது என்று பிடித்த பிடிதான், ஆனால் எங்கேயோ வழியில் அது மாறிப்போயிருந்தது. "அண்ணே, பள்ளத்துல பாத்து இறக்குங்க" என்று டிரைவரிடம் சொன்னாள். வெளியே ஒரு பெண் இட்லி மாவு பாக்கெட்டை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஐந்து மாதம் கழித்துத் தெருவைப் பார்க்கிறாள், ஆசையாகப் பார்க்க வேண்டியது. கண் பார்க்கிறது, கவனமெல்லாம் தொப்புளுக்குக் கீழே ஒரு இடத்தில் காது வைத்துக்கொண்டிருக்கிறது. அசை. ஒரே ஒரு தரம். உள்ளே வந்த முதல் வாரத்தில் எடை பார்த்தார்கள், நாற்பத்தி நாலு கிலோ. அடுத்த மாதம் பார்த்தார்கள். அதற்கடுத்த மாதமும். மாசாமாசம் இவளை நிறுத்தி எடை பார்க்க ஆள் இருந்தது இவள் ஆயுசில் இதுதான் முதல் தடவை. காலையில் பால், மத்தியானம் முட்டை, சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற நர்ஸ். ஜன்னலோரப் படுக்கையை ஜெபமாலை விட்டுக்கொடுத்தாள். ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த ஜன்னல் அது. "எனக்கென்ன, பூட்டுற கதவுக்குப் பக்கத்துல படுத்தா கனவுல தொறந்துருச்சுன்னு வரும்" என்று சிரித்தாள். ஒரு ஜெயிலுக்குப் போய் நன்றி சொல்லலாமா? சொன்னால் தெய்வம் கோபித்துக்கொள்ளுமா? அடைத்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்கிறவள் என்று யாராவது சிரிப்பார்களா? இந்த இடத்தில் நினைப்பு சிக்கி நின்றுவிடுகிறது. பால் நன்றாகத்தான் இருந்தது. பூட்டும் பூட்டாகத்தான் இருந்தது. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது? எப்படியோ, மனசு அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது: நல்லா இருங்க, நல்லா இருங்க.

ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிக்குள் நுழைந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். காக்கியும் கர்ப்பமும் சேர்ந்து நடந்து வந்தால் யாருக்கும் நகரத்தான் தோன்றும். தமயந்தி சீட்டு எழுதும் இடத்தில் நின்று, "மேடம், அசைவு இல்ல, நேத்து நாலு மணியில இருந்து" என்றாள். நாலு மணி என்று அவளும் சரியாகச் சொன்னாள். வண்டியில் வரும்போது ஒரே ஒரு தரம் சொன்னதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். சீட்டில் சிவப்பு மையில் ஏதோ கிறுக்கி, "டாக்டர் உள்ள ஒரு கேஸ் பாக்குறாங்க. முடிஞ்சதும் அடுத்தது நீங்கதான்" என்றார்கள். உட்கார்ந்தாள். மஞ்சள் கயிறு புதுசாக மின்ன ஒரு சின்னப் பெண், அவளுக்கு மூன்று பேர் துணை. ஒருத்தி தண்ணீர் கொடுக்கிறாள், ஒருத்தி விசிறுகிறாள், இன்னொருத்தி சும்மா இருக்கிறாள். சும்மா இருப்பதற்கே ஒரு ஆள். பக்கத்தில் ஒரு அம்மா கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சண்முகக்கனியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, தமயந்தியின் பக்கம் குனிந்து கேட்டாள், "என்ன கேஸும்மா?" தமயந்தி யோசிக்கவே இல்லை. "எட்டு மாசக் கேஸு. உங்க மக எத்தனை மாசக் கேஸு?" அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் வெட்கப்பட்டுச் சிரித்து, "ஒம்பது நெறஞ்சிருச்சு" என்றாள். கூடையிலிருந்து ஒரு கமலாப்பழத்தை எடுத்து, கொடுக்கலாமா என்று தமயந்தியைப் பார்த்தாள். "வெளிச் சாமான் குடுக்கக் கூடாதும்மா" என்றாள் தமயந்தி. பழம் திரும்பக் கூடைக்குள் போனது. கொடுக்க நினைத்தாளே. அதற்கும் ஒரு நல்லா இருங்க. நாலு மணியிலிருந்து ஒன்பதரை வரைக்கும் எத்தனை மணி நேரம்? விரல் விட்டு எண்ணப் போனாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். எண்ணினால் கூடிவிடும் போலிருந்தது.

பட்டாசு ஆபீசில் அன்றைக்கும் ஒன்பதரைதான் இருக்கும். வேண்டாம் என்று நினைத்தாள், நினைப்பு கேட்கவில்லை. மருந்து அடைக்கிற அறையில் நாலு பேர்தான் உட்காரலாம், சுவரில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியே இருக்கும். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார், ஆர்டர் நிற்கிறது, ரெண்டு பேரைக் கூட உட்கார வை. சண்முகக்கனி அந்த அறைக்குப் போர்மேன். பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கி, அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவள். ஆறு என்று தெரியும். நாலு என்று எழுதியிருப்பதும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது, மசக்கை, இரண்டரை மாசம். அந்த ஆறு பேரில் ஒருத்தியான குருவம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயி வாயக் கொப்புளிச்சுட்டு வா தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றாள். நான் பாத்துக்கிறேன். வேப்ப மரத்தடிக்குப் போய்க் குனிந்தாள். வயிறு மேலே ஏறி வந்த அந்த நொடியில் பின்னால் வெளிச்சம் முதலில் வந்ததா சத்தம் முதலில் வந்ததா என்று போலீசிலும் கேட்டார்கள், கோர்ட்டிலும் கேட்டார்கள். இவளுக்கு முதலில் வந்தது முதுகில் ஒரு சூடு, அவ்வளவுதான். குருவம்மாவும் சீனியம்மாளும் போனார்கள். நாலு பேருக்குத் தீக்காயம். முதலாளி எங்கேயோ போய்விட்டார், மேனேஜர் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார், மாட்டிவைத்த சர்டிபிகேட்டில் இவள் பேர் இருந்தது. வயிற்றில் இருந்ததுதான் இவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றியது. ஒரு எலுமிச்சம்பழ அளவு கூட இருந்திருக்காது, அது இவளைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அப்படித்தான் ஐந்து மாதமாக நினைத்து அதற்கு நன்றி சொல்லி வந்தாள். ஆனால் அது இவளைக் காப்பாற்றியது என்றால் குருவம்மாவை விட்டுவிட்டது என்று ஆகிறது. பிள்ளைக்கு அந்தப் பழி வேண்டாம். பழி இவளுடையது. ஆறு பேர். நேற்று நாலு மணியிலிருந்து இந்த யோசனையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது: கணக்கு நேராகப் போகிறதா? அவர்கள் இரண்டு பேர் போனதற்கு இவளிடமும் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறார்களா? குருவம்மா அப்படி ஆள் இல்லை. போர்மேனம்மாவுக்கு மசக்கை என்று தெரிந்த அன்றைக்குத் தன் தூக்குச்சட்டியிலிருந்து மாங்காய் ஊறுகாயை இவள் சோற்றில் வைத்தவள். செத்தவர்கள் மாறிப்போவார்களா? ஊறுகாய் வைத்த கை எடுத்துக்கொண்டு போகுமா? அந்தக் கையை இவள் ஊறுகாயோடுதான் நினைக்கப் பார்க்கிறாள், முடிந்த வரைக்கும்.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" தமயந்தி அக்கா என்று சொன்னதை இருவருமே கவனித்தார்கள். கைதியை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஏதாவது இருக்கும். அவளே பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "எனக்கும் வீட்டுல பத்து மாசத்துல ஒண்ணு இருக்குது. உள்ள இருந்தப்ப ஒரு நாள் பூரா இப்படித்தான் ஆட்டம் காட்டுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். சண்முகக்கனி தண்ணீரைக் குடித்தாள். குளிர்ந்த தண்ணீர் உள்ளே இறங்கும்போது வழக்கமாக ஒரு துள்ளல் இருக்கும். இல்லை. போன மாதம் மனுப் போட்டுப் பார்க்க வந்தபோது காளிராஜ் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, சுற்றிலும் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்த இரைச்சலில், இவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேனேஜர் சொல்லி விட்டாரு. ஆறு பேர நானேதான் உக்கார வச்சேன்னு நீ வாய்தாவுல சொல்லிட்டா போதுமாம். ஜாமீனுக்கு ரெண்டு பேரு கையெழுத்துப் போட அவுங்களே ஆள் தருவாங்களாம். பிரசவத்த வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம், கனி." ஜாமீன் உத்தரவாகி ரெண்டு மாசம் ஆகிறது, கையெழுத்துப் போட ஊரில் ஆள் இல்லை. குருவம்மாவும் சீனியம்மாளும் அதே ஊர், அதே தெரு. யார் போடுவார்கள்? கேட்கவே இவளுக்கு வாய் வராது. மேனேஜர் ஆள் தருவார். அடுத்த வியாழக்கிழமை வாய்தா. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வீட்டில் பெறலாம். வீடு. சுவரில் சட்டம் மாட்டியிருந்த ஆணி. அரிசி களையும் சத்தம். பாத்துக்கலாம். அவன் ஆசையாகத்தான் சொன்னான், கண் கலங்கியிருந்தது. இவள் தலையை ஆட்டினாளா இல்லையா? ஆட்டிய மாதிரியும் இருக்கிறது, கழுத்துச் சுளுக்கைத் திருப்பிய மாதிரியும் இருக்கிறது. அவன் என்னவென்று எடுத்துக்கொண்டு போனானோ.

"சண்முகக்கனி யாரு?" உள்ளே பச்சை உடுப்பில் ஒரு சின்ன டாக்டர். நஸ்ரின் என்று கூப்பிட்டார்கள். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. தமயந்தியும் கூடவே வந்தாள். "நீங்க திரைக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள் டாக்டர். "பார்வையிலயே வச்சிருக்கணும் மேடம்." "இவங்க எங்க ஓடிருவாங்க, இந்த வயித்தோட? சரி, நில்லுங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க." தமயந்தி திரும்பி நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. காக்கி முதுகு, இடுப்பில் பெல்ட், இறுக்கிக் கட்டிய கொண்டை. சண்முகக்கனி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சேலையைத் தளர்த்தினாள். சில்லென்று ஏதோ தடவினார்கள். டாக்டர் கையில் ஒரு சின்னக் கருவி, அதை வயிற்றில் அழுத்தியதும் கரகரவென்று காற்று மாதிரி ஒரு இரைச்சல். இடது பக்கம் வைத்தாள். இரைச்சல். கீழே வைத்தாள். இரைச்சல். டாக்டரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தாள், பார்த்தாள். டாக்டர் இவள் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தைரியம். திடீரென்று தொப், தொப், தொப் என்று கேட்டது. சண்முகக்கனி எழப் போனாள். "படுங்க. இது உங்க இதயம்மா, உங்களோடது" என்றாள் டாக்டர். தன்னுடையது. இத்தனை பெரிய சத்தம் போடுகிறதா தன்னுடையது? யாருக்கு வேண்டும் இது? இதை நிறுத்திவிட்டு அதைத் தேடுங்கள். கருவி வலது பக்கம் போனது, விலா எலும்புக்குக் கீழே வரைக்கும் ஏறியது. இரைச்சல், இரைச்சல். ஏழரை மாசத்து முடி நிறைந்த ஒரு தலை, ஒரு துணி, யாரோ வாங்கிக்கொண்டு போன கை. குருவம்மா, உன் காலில் விழுகிறேன், ஆறு பேர் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் இருந்தேன், அதை என்னிடம் வாங்கிக்கொள், இதை விடு. அப்போது அது வந்தது. முதலில் எங்கேயோ ஆழத்தில், அப்புறம் கிட்டே, கிட்டே, சாரட்டு வண்டிக் குதிரை தார் ரோட்டில் ஓடி வருகிற மாதிரி, மூச்சு விடாமல், யாருக்கும் எதற்கும் காத்திருக்காமல். டாக்டர் கருவியை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். "இந்தா இருக்கு. நூத்தி நாப்பத்தாறு. நல்லா அடிக்குது. வேணும்னே ஒரு மூலையில போய் ஒக்காந்துட்டுத் தேட விடுது பாருங்க." திரும்பி நின்ற காக்கி முதுகு குலுங்கியது. தமயந்தி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது பின்னாலிருந்தே தெரிந்தது.

பனிக்குடத்து நீர் குறைவு, அதனால்தான் அசைய இடமில்லாமல் கிடக்கிறது, இன்றைக்கே சேர்த்துவிட வேண்டும், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் நஸ்ரின் சொன்னாள். "சரியான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்று தமயந்தியிடம் சொன்னாள். "நான் இல்ல மேடம், அவங்க சொன்னாங்க, ஜெயிலர்மா அனுப்புனாங்க" என்றாள் தமயந்தி. வார்டர் என்று சொல்ல வந்து பதவியை ஒரு படி உயர்த்திவிட்டாள். இந்திராணியம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். வயிற்றில் இரண்டு பட்டையைக் கட்டி, அரை மணி நேரம் துடிப்பைக் காகிதத்தில் எழுத விட்டுவிட்டுப் போனார்கள். மெஷின் அதுபாட்டுக்குக் குதிரையை ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரம் சண்முகக்கனிக்குச் செய்ய ஒன்றும் இல்லை, கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் பயம் இறங்கிப் போவது, வெயிலில் நடந்து வந்து செருப்பைக் கழற்றியது போல் இருந்தது. ரெண்டு நாள் விட்டிருந்தால். வெளியில் இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். அத்தை விட்டிருப்பாள், காளிராஜ் விட்டிருப்பான், நானே விட்டிருப்பேன், சீசன் என்று. பிரசவத்த வீட்டுல வச்சுப் பாத்துக்கலாம், கனி. வேண்டாம்பா. நீ நல்லவன், ஆனால் வேண்டாம். வியாழக்கிழமை வாய்தாவுக்கு எழுந்து நடக்க முடியாவிட்டாலும் வக்கீலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ரெண்டு பேரைக் கூட உட்கார வை என்று மேனேஜர் சொன்னார். முதல் நாள் சாயங்காலம், தண்ணித் தொட்டிப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். ஆறு என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதையும் சொல்வேன், நான் சொல்லாததையும் சொல்வேன். அதற்கு எத்தனை வருஷம் கொடுத்தாலும் கொடுக்கட்டும். பிள்ளை ஆறு வயது வரைக்கும் கூட இருக்கலாம் என்று ஜெபமாலை சொல்லியிருக்கிறாள், பால்வாடி கூட இருக்கிறதாம் உள்ளேயே. இப்படி நினைத்து முடித்ததும் பயம் வரும் என்று காத்திருந்தாள், ஓரமாகக் கொஞ்சம் வந்தது, மெஷின் சத்தத்தில் அது சரியாகக் காதில் விழவில்லை. உள்ளே, விலாவை ஒட்டி, ஒரு குதிகாலோ முழங்கையோ மெல்ல உரசிக்கொண்டு போனது. இடம் இல்லாத இடத்தில் யாரோ ஒருக்களித்துப் படுப்பது போல. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அது அவளிடம் மட்டும் இருக்கட்டும் என்றிருந்தது.

கைதிகளுக்கான வார்டில் கட்டில் ஒதுக்கியபோது மணி பன்னிரண்டரை. கை மாற்ற வேறு போலீஸ்காரிகள் வந்துகொண்டிருந்தார்கள். தமயந்தி ஜெயில் ஆபீசுக்குத் தகவல் சொல்லப் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தியவள், சண்முகக்கனியைப் பார்த்தாள், ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். "மேடம், வழிக்காவல் பேசுறேன். சண்முகக்கனி, விசாரணைக் கைதி. அட்மிஷன் போட்டாச்சு. பிள்ளை நல்லா இருக்குது." அந்தப் பக்கம் இந்திராணியம்மா, "துடிப்பு கேட்டுச்சா? நீ கேட்டியா, அவங்க சொன்னாங்களா?" என்றாள். "நானே கேட்டேன் மேடம். நூத்தி நாப்பத்தாறு." "ஒரு நிமிஷம் வைக்காம இரு" என்றாள் இந்திராணியம்மா. ரிசீவரை மேஜையில் போட்ட சத்தம், நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம், செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. சாப்பாட்டு நேரம், முற்றத்தில் எல்லோரும் தட்டோடு வரிசையில் நிற்பார்கள் என்று சண்முகக்கனிக்குத் தெரியும். ஆபீஸ் வாசலில் நின்று இந்திராணியம்மா என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. கேட்டது அதற்கு அடுத்ததுதான். முதலில் ஒரே ஒரு குரல், ஜெபமாலையுடையது, வார்த்தையே இல்லாமல் ஒரு கத்தல். அதன் மேல் இன்னொன்று, இன்னும் பத்து, அப்புறம் எது யார் என்று பிரிக்க முடியாமல் முற்றம் முழுக்க, ஒருத்தி தட்டை அடிக்கிறாள், ஒருத்தி குலவை போடுகிறாள், யாரோ அழுகிறாள், யாரோ அழுகிறவளைத் திட்டுகிறாள். சண்முகக்கனிக்காக இதுவரைக்கும் யாரும் எங்கேயும் சத்தம் போட்டதில்லை. கல்யாணத்தில் கூட மைக் செட்டு ஏதோ சினிமாப் பாட்டைத்தான் போட்டது. அவள் போனுக்கு அருகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து காதுக்குள் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. தமயந்தியும் போனை எடுக்கவில்லை. வெகு நேரம் ஆனது போலிருந்தது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, கூடவே யாரோ ஓடி வருகிற சத்தம், "நீ உள்ள வரக் கூடாதுடி" என்று இந்திராணியம்மா அதட்டுவது, அதட்டலில் சிரிப்பு. ரிசீவரை ஜெபமாலை பிடுங்கிக்கொண்டாள் போல, மூச்சு வாங்க, காதுக்குள்ளேயே கேட்டாள், "ஏ கனி, இருக்கியா? நாங்க கத்துனது கேட்டுச்சா?" சண்முகக்கனி போனுக்கு இன்னும் நெருங்கினாள். "எனக்குக் கேட்டுச்சுக்கா" என்றாள். "அதுக்கும் கேட்டிருக்கும். இப்பத்தான் ஒரு மிதி மிதிச்சுது."